'நாங்க பாத்துக்கிடுதோம்': ஆதரவுடன் முடிவெடுத்தல் என்பது என்ன?

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீட்டுப் பெரியவர் படுத்த படுக்கையாகிவிட்டாலோ, அறிவுசார் குறைபாடுள்ள மகனைத் தனியே விட்டுத் தாய் இறந்துபோனாலோ, நலம் விசாரிக்கவோ துட்டி கேட்கவோ வந்த சொந்தங்கள் வாசலில் நின்று சொல்லும் சொல் ஒன்று உண்டு: "கவலப்படாதீங்க, நாங்க பாத்துக்கிடுதோம்." அன்பில் பிறந்த சொல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. வேளைக்குச் சோறும் மருந்தும் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போய்வருவது ஒன்று. அவருடைய பணத்தை எதற்குச் செலவழிப்பது, அவர் யார் வீட்டில் இருப்பது, எந்தப் பத்திரத்தில் ரேகை வைப்பது என்பதையெல்லாம் அவரைக் கேட்காமலே தீர்மானிப்பது மற்றொன்று. முதலாவது கவனிப்பு, இரண்டாவது அதிகாரம். பெரும்பாலான வீடுகளில் முதலாவதைச் செய்கிறவர் கையில் இரண்டாவதும் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. யாரும் அதைக் கொடுத்ததாகவும் நினைப்பதில்லை, எடுத்துக்கொண்டதாகவும் நினைப்பதில்லை.

வங்கி வாசலிலும் பத்திர எழுத்தர் மேசையிலும் இதைப் பற்றிப் பேசும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. "கார்டியன் வாங்கிரு", "பவர் எழுதி வாங்கிரு", "அவன் கையெழுத்து சட்டப்படி செல்லாதுல்லா" என்ற மூன்றும் ஒரே விஷயம்போலப் பேசப்படுகின்றன. முதல் இரண்டும் முற்றிலும் வேறான ஏற்பாடுகள். மூன்றாவது கூற்று, பொத்தாம்பொதுவாகச் சொன்னால், தவறு. இவை மூன்றுக்கும் முன்னால் நிற்க வேண்டிய, பலருக்குத் தெரியாத நான்காவது வழி ஒன்று உள்ளது. ஆதரவுடன் முடிவெடுத்தல் என்ற அந்த வழியைப் பற்றியது இந்தக் கட்டுரை.

பேருந்து நிலையத்து ஆச்சி

எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத ஆச்சி ஒருவர் வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கும் பையனிடம், "ஏ தம்பி, இது அம்பை போவுமா?" என்று கேட்கிறார். "இல்ல ஆச்சி, இது திசையன்விளை வண்டி. அம்பை வண்டி அந்தப் பக்கம் நிக்கி" என்கிறான் பையன். ஆச்சி அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்கிறார்.

அம்பாசமுத்திரத்துக்குப் போக வேண்டும் என்பது ஆச்சியின் முடிவு. அவரால் வாசிக்க முடியாததை வாசித்துச் சொன்னதோடு பையனின் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக, "இந்த வெயில்ல அம்பைக்கு எதுக்கு ஆச்சி, பேசாம வீட்டுக்குப் போங்க" என்று அவர் கையைப் பிடித்து வேறு வண்டியில் ஏற்றிவிட்டிருந்தால், அதை உதவி என்று நாம் சொல்ல மாட்டோம். அக்கறை அதிலும் இருக்கலாம். இருந்தாலும் ஆச்சியின் பயணத்தை அவன் பறித்துக்கொண்டான் என்பதே உண்மை.

இன்னொரு படி மேலே போவோம். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். இளம் வயதில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனவர் அவர். 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவருடைய அன்றாடத் தேவைகளுக்குப் பிறர் கைகள் வேண்டும் என்பதால், அவருடைய முடிவுகளையும் பிறரே எடுக்கட்டும் என்று யாரும் சொன்னதில்லை. உடலுக்கு உதவி தேவைப்படும்போது முடிவு அவருடையதாகவே இருக்கும் என்பது நமக்கு இயல்பாக விளங்குகிறது. கணக்குப் போடவோ, நினைவில் வைக்கவோ, ஒரு பத்திரத்தின் விளைவை யோசித்துப் பார்க்கவோ உதவி தேவைப்படும்போதுதான் நாம் தடுமாறுகிறோம். உதவியோடு சேர்த்து முடிவையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

ஆதரவுடன் முடிவெடுத்தல் என்பது, புரிந்துகொள்ளவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் தன் விருப்பத்தைப் பிறருக்குச் சொல்லவும் ஒருவருக்குத் தேவையான உதவியைக் கொடுத்து, முடிவை அவரிடமே விட்டுவைக்கும் முறை. அந்த உதவியைச் செய்பவரை இங்கே ஆதரவாளர் என்று குறிப்பிடுவோம்.

தகுதி வேறு, திறன் வேறு

குழப்பத்தின் வேர் இரண்டு சொற்களில் இருக்கிறது. சொத்து வைத்திருக்கவும் ஒப்பந்தம் செய்யவும் தன் பெயரில் காரியம் நடத்தவும் சட்டத்தின் முன் ஒருவருக்கு உள்ள நிலையே சட்டத் தகுதி. குறிப்பிட்ட ஒரு விஷயத்தை, குறிப்பிட்ட நேரத்தில் புரிந்துகொண்டு தீர்மானிக்க முடிவது திறன். தகுதி ஆள்தோறும் மாறுவதில்லை. திறன் ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, ஒரே ஆளுக்குள்ளும் விஷயத்துக்கு விஷயம், சில வேளைகளில் காலைக்கும் மாலைக்கும்கூட மாறும். மறதி நோய் தொடங்கிய தாத்தாவுக்குக் காலை பத்து மணிக்குத் தன் வயல் எத்தனை மரக்கால் விதைப்பாடு என்பதும் யார் குத்தகைக்கு உழுகிறார் என்பதும் துல்லியமாகத் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் மகனையே தம்பி என்று கூப்பிடுவார்.

திறன் இவ்வாறு ஏறி இறங்கும் என்பது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவே, வழக்கமாக மனத்தெளிவு இல்லாத ஒருவர் தெளிவாக இருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. புதிதாக வந்தது வேறொன்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. இந்தியா அதை 2007இல் ஏற்றது. அதன் 12ஆம் உறுப்பு, திறனில் குறை இருந்தால் தகுதியைப் பறிக்காமல், தகுதியைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய ஆதரவைக் கொடுங்கள் என்று நாடுகளுக்குச் சொல்கிறது. இதை ஒட்டித்தான் நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. மற்றவர்களுக்குச் சமமாகச் சொத்து வைத்திருக்கவும், வாரிசாகப் பெறவும், தம் பண விவகாரங்களைத் தாமே நடத்தவும், வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமை உண்டு என்று அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது.

2017ஆம் ஆண்டு மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் வரி ஒன்று உண்டு. சிகிச்சை குறித்து ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று கொள்ளக் கூடாது என்பதே அது. அந்தச் சட்டம் சிகிச்சை முடிவுகளுக்கானது. ஆனாலும் அந்த வரியை வீட்டுக்கு வீடு எழுதி ஒட்டலாம். சுடலைமாடன் கோயில் கொடைக்குத் தன் சக்திக்கு மீறி வரி கொடுக்கும் ஊர்ப் பெரியவரை யாரும் புத்தி பிசகியவர் என்பதில்லை. அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் தன் சம்பளத்தில் முந்நூறு ரூபாய்க்கு வளையல் வாங்கி அக்கா மகளுக்குக் கொடுத்தால் மட்டும், "இவன் கையில காசு குடுக்கக் கூடாது" என்று வீடே கூடிவிடுகிறது.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: தகுதி எல்லோருக்கும் உண்டு, திறன் கூடும், குறையும். குறையும் இடத்தில் சட்டம் முதலில் தேடச் சொல்வது மாற்று ஆளை அல்ல, ஆதரவை.

திண்ணையில் போட்ட சாக்பீஸ் கோடு

ஆதரவு என்றால் நடைமுறையில் என்ன? ஒருவரை எண்ணிக்கொள்வோம். வீரவநல்லூரில் டீக்கடை ஒன்றில் கிளாஸ் கழுவி, பக்கத்துக் கடைகளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கும், நாற்பது வயதைத் தொடும் மனிதர். அறிவுசார் குறைபாடு உள்ளவர். பத்து, இருபது ரூபாய் நோட்டுகளில் பிசகமாட்டார். ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை என்றால் குழம்புவார். எந்தக் கடைக்காரருக்குச் சீனி கம்மி, யாருக்கு டிகாக்ஷன் தூக்கல் என்பதில் ஒருநாளும் தவறியதில்லை. தாயார் இறந்துவிட்டார். வீட்டில் மூன்று பேருக்குப் பங்கு. மூத்த அண்ணன் வீட்டை இடித்துக் கட்ட நினைக்கிறார். தம்பியிடமிருந்து ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஆவணம், வேண்டும் என்கிறார். பதிலுக்குப் பணம் தருவார்.

பத்திரத்தை வாசித்துக் காட்டினால் அவருக்கு ஒன்றும் புரியாது. நேர்மையாகச் சொன்னால், பத்திரத் தமிழ் நம்மில் பாதிப் பேருக்குப் புரியாது. அவருடைய அத்தை வேறு வழியில் போகிறார். திண்ணையில் சாக்பீஸால் வீட்டை வரைகிறார்: முற்றம், அடுப்படி, பின்கட்டு. மூன்று பங்கையும் கோடு போட்டுப் பிரித்து, தம்பியின் பங்கில் அவருடைய டீத்தூக்கையே எடுத்து வைக்கிறார். "இது ஒனக்குள்ளது. இதுல ரேக வச்சிட்டன்னா இது அண்ணனுக்கு. அண்ணன் ஒனக்கு ரூவா தருவான்" என்று சொல்லி, டீத்தூக்கை நகர்த்தி அண்ணன் பங்கில் வைத்துவிட்டு, பேசாமல் இருக்கிறார். இந்தப் பேசாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்கிறார்: "மழ பெஞ்சா நா எங்கன படுக்கது?"

அந்த ஒரு கேள்வியில், விளைவைப் புரிந்துகொண்டார் என்பதற்கான சான்று இருக்கிறது. வீடு போனால் படுக்க இடம் போகும் என்பதுதானே விடுதலைப் பத்திரத்தின் முதல் விளைவு? அதன் பிறகு பேச்சு வேறு திசையில் போகிறது. புது வீட்டில் ஓர் அறையில் ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதலாம். பணத்தை அவர் பெயரிலேயே வைப்புத் தொகையாகப் போடலாம். இல்லையென்றால், விடுதலை எழுதாமலே இருக்கலாம். மூன்றையும் அத்தை மூன்று நாட்களில், ஒவ்வொன்றாக, அதே திண்ணையில் வரைந்து காட்டுகிறார். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டினால் கடைசியாகச் சொன்னதற்குத்தான் தலையாட்டுவார் என்பது அத்தைக்குத் தெரியும். நான்காம் நாள் தம்பியே டீத்தூக்கை எடுத்து வைத்துக் காட்டுகிறார்.

ஆதரவின் அங்கங்கள் எல்லாம் இதில் உள்ளன. தகவலை அவருக்கு எட்டும் வடிவத்துக்கு மாற்றுவது, அவகாசம் கொடுப்பது, வழிகளை அடுத்தடுத்து வைப்பது, அவர் சொல்வதை, அது சொல்லாக இல்லாவிட்டாலும், புரிந்து பிறருக்கு எடுத்துச் சொல்வது. பேச்சு வராதவர் சைகையால் சொன்னாலும் சொன்னதுதான். காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே தனிப் பள்ளிகள் தோன்றிய பாளையங்கோட்டைக்கு அருகில் வாழும் நமக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் விலகி நிற்க வேண்டிய இடம்

அண்ணன் கெட்டவர் அல்ல. இத்தனை ஆண்டுகளும் தம்பியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஆனாலும் இந்தப் பத்திரத்தில் தம்பிக்கு விளக்கம் சொல்லும் ஆளாக அவர் இருக்க முடியாது, ஏனென்றால் பத்திரத்தால் ஆதாயம் பெறுபவரும் அவரே. ஒருவருக்கு உதவ வேண்டிய கடமையும் தன் சொந்த லாபமும் எதிரெதிரே நிற்கும் இந்த நிலையை நலன் முரண்பாடு என்பர். அப்படி ஒரு முரண்பாடு எழும் கொடுக்கல் வாங்கலில் ஆதரவாளர் விலகிக்கொள்ள வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். இரத்த உறவு என்பதாலேயே முரண்பாடு இருப்பதாக முன்கூட்டியே கருதக் கூடாது என்றும் அதே இடத்தில் சொல்கிறது. ஆகவே அண்ணன் நாளைக்குத் தம்பியின் ஆஸ்பத்திரிக் காரியத்தில் தாராளமாக ஆதரவாளராக இருக்கலாம். இந்தப் பத்திரத்தில் மட்டும் கூடாது.

அடுத்தது முறையற்ற செல்வாக்கு. தன்னை நம்பி வாழும் ஒருவருடைய மனத்தை அந்த நம்பிக்கையையே ஆயுதமாக்கி வளைப்பது என்பது இதன் பொருள். "ரேகை வைக்காட்டா இனி இந்த வீட்டுல சோறு கெடையாது" என்று மதினி சொன்னால் அது வெளிப்படையான மிரட்டல். "இவ்வளவு நாள் சோறு போட்டோம்லா" என்று மட்டும் சொன்னால்? நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை; அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். ஆதரவாளர் இவ்வகைச் செல்வாக்கைச் செலுத்தக் கூடாது. ஆதரவு பெறுபவருடைய தன்னுரிமையையும் மதிப்பையும் அந்தரங்கத்தையும் காக்க வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. ஆதரவு பெறுபவர் விரும்பினால் ஏற்பாட்டை மாற்றலாம், கலைக்கலாம், வேறொருவரை வைத்துக்கொள்ளலாம். அத்தையே ஆனாலும் நிரந்தரப் பதவி கிடையாது.

பாதுகாவலர் எப்போது வருகிறார்?

போதிய ஆதரவு கொடுத்துப் பார்த்த பிறகும் சட்டப்படி செல்லத்தக்க முடிவை எடுக்க ஒருவரால் இயலவில்லை என்றால், அப்போதுதான் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வருகிறது. மாவட்ட நீதிமன்றமோ அரசு அறிவித்த அதிகாரியோ அவருக்கு வரம்புக்குட்பட்ட பாதுகாவலரை நியமிக்கலாம். இவருடைய அதிகாரம் குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் உரியது. அப்போதும், பாதுகாவலரும் அந்த நபரும் பரஸ்பர நம்பிக்கையோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்பதும், அது அந்த நபரின் விருப்பத்தை ஒட்டியே நடக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் சொற்கள். முழு ஆதரவு தேவைப்படுவோருக்கு அதற்கும் இடம் வைத்திருக்கிறது.

இதைவிடப் பழைய வழி ஒன்றும் நடைமுறையில் உள்ளது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கான 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் பெற்றோர் தானாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை என்பது பலரை அதிரவைக்கும் செய்தி. நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்தும் வரவு செலவுக் கணக்கும் ஒப்படைக்க வேண்டும். பாதுகாவலர் என்பது சொத்துக்குச் சொந்தக்காரர் என்று பொருளாகாது. கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பாளர் என்றே பொருள்.

சுருங்கச் சொன்னால், ஆதரவு முதல் படி, வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் அடுத்த படி. நம் ஊரில் முதல் படியில் கால் வைக்காமலே அடுத்ததற்குத் தாவுகிறோம்.

பவர், நாமினி, ஜாயிண்ட் அக்கவுண்ட்

பவர் எனப்படும் பொது அதிகார ஆவணம், தெளிவோடு இருக்கும் ஒருவர் தன் காரியத்தைப் பார்க்க இன்னொருவரை முகவராக நியமிப்பது. அதில் ஒரு பொறி உண்டு. எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் முகவரின் அதிகாரம் முடிந்துபோகும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. அப்பாவுக்கு மறதி முற்றினாலும் கைகொடுக்கும் என்று நம்பி எழுதி வாங்கிய பவர், சரியாக அந்தத் தருணத்தில்தான் உதவாமல் போகிறது. பக்கவாதம் வந்து நினைவே திரும்பாதவர்களின் குடும்பங்கள் உயர்நீதிமன்றத்தை, நமக்கென்றால் மதுரைக் கிளையை, அணுகிப் பாதுகாவலர் நியமனம் பெறுவது இதனால்தான்.

நாமினிக்குக் கணக்குக்காரர் உயிரோடு இருக்கும்வரை எந்த அதிகாரமும் இல்லை. ஜாயிண்ட் அக்கவுண்டில் சேர்ந்தவரோ விதிப்படி பணம் எடுக்கலாம். ஆனால் அது வசதிக்கான ஏற்பாடுதானே தவிர, முதியவரின் மற்ற முடிவுகளுக்கான உரிமம் அல்ல. கையெழுத்துப் போட இயலாத முதியவர், கைப்பெருவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைத்து, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டப் பணம் எடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் பேரன் கையில் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

சொத்தை எழுதிவைக்க நினைக்கும் முதியோருக்கு ஒரு சொல். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பெற்றவர் பராமரிக்கவில்லை என்றால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் அந்த ஆவணத்தைச் செல்லாதென அறிவிக்கலாம். அந்த நிபந்தனையை வாய்ப்பேச்சாக விடாமல் பத்திரத்திலேயே எழுதுவது நல்லது. மனநலச் சிகிச்சைக்கு என்றால், தெளிவாக இருக்கும்போதே எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கவும், தன் சார்பில் பேசும் பிரதிநிதியைப் பெயர் குறிக்கவும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது.

சார்பதிவாளர் கேட்கும் கேள்வி

உதவிக்குப் போகும் இடங்கள் தொலைவில் இல்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அடையாள அட்டை, உதவித்தொகை போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உண்டு.

கடினமான இடம் பதிவு அலுவலகம். எழுதிக்கொடுப்பவர் சித்த சுவாதீனம் இல்லாதவராகத் தோன்றினால் பதிவை மறுக்கச் சொல்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ சமமான தகுதி உண்டு என்கிறது. ஒரே மேசையின் மீது நூற்றாண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு சட்டங்களும் கிடக்கின்றன. அந்த மேசைக்கு முன்னால் டீக்கடைத் தம்பி எப்படி நிற்கிறார் என்பதைப் பொறுத்துப் பல காரியங்கள் அமையும்.

அதற்காகவே அத்தை முந்தின நாள் அவரை அழைத்துப்போய், அந்த அறையையும் நாற்காலியையும் ரேகை எடுக்கும் கருவியையும் காட்டிவிட்டு வருகிறார். மறுநாள் சார்பதிவாளர் அத்தையைப் பார்த்து, "இவருக்கு இதுல சம்மதமா?" என்று கேட்கிறார். அத்தை பதில் சொல்லவில்லை. தம்பியின் பக்கம் திரும்பிக்கொள்கிறார். சார்பதிவாளரும் வேறு வழியில்லாமல் அவர் பக்கம் திரும்பிக் கேட்கிறார். "வீடு அண்ணனுக்கு. அடுப்படிக்கு அடுத்தாப்ல உள்ள ரூமு எனக்கு. சாவுத வரைக்கும் எனக்கு" என்கிறார் அவர்.